தகப்பனே தாயாகும் கொடுவா

(பண்ணை வானொலி உரை)



கொடுவா மீனை அறியாதவர்கள் காரைக்கால் பகுதியில் இருக்க முடியாது. அரசலாற்று வாயிலும், திருமலைராஜனாற்றிலும், உப்பங்கழிகளிலும் கிடைக்கும் மீன். குழம்பிலே போட்டால் ஊரே மணக்கும். இதையே வங்காளத்தில் பெட்கி என்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் பாரமுண்டி என்கிறார்கள். அந்த மீனைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். ஆனால் ருசியைப் பற்றியல்ல. இந்த மீன் ஆணாக வளர்ந்து, பிறகு பெண்ணாக மாறுகிறது. அந்தச் சங்கதியைத் தெரிந்துகொள்ளாமல் குளம் வெட்டியவருக்கும் நஷ்டம் உண்டு. வலை போடுகிறவருக்கும் நஷ்டம் உண்டு. எப்படி என்று சொல்கிறேன்.

என் பெரியப்பா மகன், எங்கள் அண்ணன், திருமலைராயன்பட்டினம் பக்கத்தில் குடியிருப்பவர். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி வந்த கடல் அவருடைய நிலத்திலும் ஏறி இறங்கிற்று. மேட்டு நிலம் நாலைந்து மழையில் தேறிவிட்டது. கழியை ஒட்டிய பள்ளக்கால் தேறவில்லை. நெல் விதைத்தால் முளைத்து மஞ்சளாகிப் போகும். "கடைமடைக்குத் தண்ணியும் சரியா வர்றதில்லே, உப்பு பூமியிலே உப்பு மீனையே வளர்ப்போம்" என்று குளம் வெட்டினார். ஒரு பொரிப்பகத்திலிருந்து கொடுவாக் குஞ்சு வாங்கி வந்து விட்டார்.

முதல் அறுவடை நன்றாகவே இருந்தது. அண்ணன் பரம்பரை விவசாயி அல்லவா? விதை நெல் ஒதுக்குவது போல, நன்றாக வளர்ந்த மீன்களில் நாற்பதை விதைக்கென்று நிறுத்திக்கொண்டார். "அடுத்த வருஷத்திலேருந்து குஞ்சுக்குக் காசு கொடுக்க வேண்டாம், நம்ம குளத்திலேயே பொரிச்சிடும்" என்பது அவர் கணக்கு.

ஒரு வருஷம் போயிற்று. இரண்டு வருஷம் போயிற்று. மூன்றாவது வருஷமும் நாற்பது மீனுக்கும் தீனி போட்டார். மீன் இரண்டரை, மூன்று கிலோ என்று ஆயிற்று. குஞ்சு மட்டும் ஒன்றையும் காணோம். பிடித்து வயிற்றை அமுக்கிப் பார்த்தார். சிலவற்றில் வெள்ளையாகப் பால் வந்தது. சிலவற்றில் ஒன்றும் வரவில்லை. சினை உள்ளது ஒன்றுகூட இல்லை. "குஞ்சு கொடுத்தவன் ஏமாத்திட்டான் தம்பி, அத்தனையும் ஆணாப் பாத்துக் கொடுத்துட்டான்" என்று என்னிடம் வந்து கொதித்தார். சண்டைக்குப் போகத் தயாராக இருந்தார்.

போகிற வழியில் மீன் அறுக்கும் ஓர் ஆச்சியிடம் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறார். அந்த ஆச்சி சிரித்துவிட்டாராம். "தம்பி, நான் எத்தனையோ வருஷமா கொடுவா அறுக்கிறேன். ரெண்டு கிலோ, மூணு கிலோ மீன்லே ஒருநாளும் சினை பாத்ததில்லே. சினை வேணும்னு கேக்கிறவங்களுக்கு ஆறு கிலோ, ஏழு கிலோ மீனைத்தான் தேடி அறுப்பேன். சின்னதிலே பால், பெரிசிலே சினை. இது தெரியாதா ஒங்களுக்கு?"

ஆச்சி ஆராய்ச்சி எதுவும் செய்தவரல்ல. ஆனால் அவருடைய அரிவாள்மனை கண்டுபிடித்ததும், ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடித்ததும் ஒன்றேதான். குஞ்சு விற்றவர் ஏமாற்றவில்லை. அண்ணன் வைத்திருந்தவை எல்லாம் ஒரே வயது மீன்கள். அந்த வயதில் கொடுவா ஆண்.

தென்னையைப் பாருங்கள்

ஆண் பெண்ணாவதா என்று சிலர் முகம் சுளிக்கலாம். இது ஒன்றும் விபரீதமில்லை. நம் கொல்லையிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது.

பனையில் ஆண் பனை தனி, பெண் பனை தனி. ஆண் பனையில் நுங்கு காய்க்காது. இது சிறு பிள்ளைக்கும் தெரியும். தென்னை அப்படியல்ல. ஒரே பாளையிலே ஆண் பூவும் உண்டு, பெண் பூவும் உண்டு. நெல்மணி போல நெருங்கி இருப்பவை ஆண் பூக்கள். அடியில் உருண்டையாகக் குரும்பை போல இருப்பவை பெண் பூக்கள். நெட்டை ரகத்தில் பாளை வெடித்ததும் முதலில் ஆண் பூக்கள் மலர்ந்து உதிரும். சுமார் மூன்று வாரம் இது நடக்கும். பெண் பூக்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகுதான் மகரந்தம் ஏற்கத் தயாராகும். அதாவது, அந்தப் பாளை முதலில் ஆண், பிறகு பெண். கொடுவாவின் வழியும் இதுதான். தென்னையில் மூன்று வாரத்தில் நடப்பது கொடுவாவில் பல வருஷத்தில் நடக்கிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரே உயிரில் ஆண்தன்மையும் பெண்தன்மையும் இருந்தால் அதை இருபாலுயிரி என்கிறோம். இதில் இரண்டு வகை உண்டு. இரண்டும் ஒரே சமயத்தில் இருப்பது ஒரு வகை. ஒன்று முன்னும் மற்றொன்று பின்னுமாக வருவது இன்னொரு வகை.

முதல் வகைக்கு மண்புழுவே சாட்சி. நம் வயலில் உள்ள மண்புழு ஒவ்வொன்றுக்குள்ளும் விந்தகமும் உண்டு, சினையகமும் உண்டு. அப்படியானால் ஒரே புழு தனியாகக் குஞ்சு பொரித்துவிடுமா? நம் வயலில் காணும் புழுக்கள் அப்படிச் செய்வதில்லை. இரண்டு புழுக்கள் தலை மாற்றிப் படுத்து, ஒன்றின் விந்தை மற்றொன்று வாங்கிக்கொள்கின்றன. பிறகு இரண்டுமே தனித்தனியே முட்டைக்கூடு இடுகின்றன. முன்பக்கத்தில் மோதிரம் போலப் பட்டையாகத் தெரிகிறதே, அந்தப் பட்டையிலிருந்துதான் முட்டைக்கூடு உருவாகிறது. மண்ணுக்குள் அலைகிற உயிர் இன்னொன்றைச் சந்திப்பதே அரிது. சந்தித்தது ஆணா பெண்ணா என்று பார்த்துக்கொண்டிருந்தால் வம்சம் விருத்தியாகாது. எதைச் சந்தித்தாலும் இணை சேரலாம், இரண்டும் முட்டையிடலாம் என்ற ஏற்பாடு அதற்கு வசதி. மண்புழு உரத் தொட்டி வைத்திருப்பவர்கள், புழுவை ஆண் பெண் பார்த்து விட வேண்டியதில்லை என்பதற்கு இதுதான் காரணம். இன்னொரு விஷயம்: மண்புழுவை இரண்டாக வெட்டினால் இரண்டு புழு ஆகும் என்பது தவறு. தயவுசெய்து வெட்டாதீர்கள்.

நத்தையும் பெரும்பாலும் இந்த வகைதான். ஆப்பிரிக்கப் பெருநத்தை 1847-இல் கல்கத்தாவில் கொண்டுவந்து விடப்பட்டு, பின்னர் நாட்டின் பல பகுதிகளில் பரவிற்று. அது இவ்வளவு பெருகியதற்கு ஒரு காரணம், அதில் ஒவ்வொன்றுமே முட்டையிடும் என்பது. ஒரு முறை இணை சேர்ந்தால், வாங்கிய விந்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொண்டு பல தடவை முட்டையிடும். ஆகவே தோட்டத்தில் நத்தை பொறுக்கும்போது "பத்துக்கு எட்டு போதும்" என்று விட்டுவிடக் கூடாது. மிச்சம் உள்ள இரண்டும் தாய்தான். வெறுங்கையால் தொடாமல், கையுறை போட்டுப் பொறுக்கி, உப்புக் கரைசலில் போட்டு அழியுங்கள்.

மாட்டிலும் கோழியிலும் வேறு

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை. மண்புழுவுக்கும் கொடுவாவுக்கும் இது இயற்கையான ஒழுங்கு. நாம் வளர்க்கும் மாட்டிலும் கோழியிலும் இப்படி ஏதாவது தென்பட்டால் அது ஒழுங்கல்ல. பிறவிக் குறை, அல்லது நோய்.

பசு இரட்டைக் கன்று போடுகிறது. ஒன்று காளை, ஒன்று கிடேரி. வீட்டிலே சந்தோஷம். ஆனால் அந்தக் கிடேரியை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கருப்பையில் இரண்டு கன்றின் நஞ்சுக்கொடி ரத்தக்குழாய்களும் ஒன்றோடொன்று கலந்துவிடுவதால், காளைக் கன்றின் தாக்கம் கிடேரியின் கருப்பை வளர்ச்சியைக் கெடுத்துவிடுகிறது. இப்படிப் பிறக்கும் கிடேரிகளில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் சினை பிடிக்காது. மூன்று வருஷம் தீனி போட்டுவிட்டு ஊசி போட்டு ஊசி போட்டு அலுத்துப் போவதைவிட, கன்றாக இருக்கும்போதே கால்நடை மருத்துவரிடம் காட்டிச் சோதித்துக்கொள்ளுங்கள். காளைக் கன்றுக்கு இதனால் பொதுவாகப் பெரிய பாதகம் இல்லை. இரண்டும் கிடேரியாகப் பிறந்தால் பயமே வேண்டாம்.

அதேபோல, முட்டையிட்டுக்கொண்டிருந்த கோழி திடீரென்று கொண்டை வளர்ந்து சேவல் போலக் கூவினால் "வீட்டுக்கு ஆகாது" என்பார்கள். வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. கோழிக்கு இடது பக்கச் சினைப்பை ஒன்றுதான் வேலை செய்கிறது. அது நோயில் கெட்டுப் போனால், வலது பக்கத்தில் உறங்கிக் கிடந்த உறுப்பு வளர்ந்து ஆண் குணங்களை உண்டாக்குவது உண்டு. கோழிக்கு வந்த நோய் அது. குடும்பத்துக்கு வந்த சகுனமல்ல.

கொடுவாவின் கணக்கு

இனி நம் கொடுவாவுக்கு வருவோம். மூர் என்ற ஆய்வாளர் பாப்புவா நியூகினி கடற்கரையில் இந்த மீன்களை ஆராய்ந்து, இவை இயற்கையாகவே ஆணிலிருந்து பெண்ணாக மாறுகின்றன என்று 1979-இல் எழுதினார். ஆஸ்திரேலியாவின் வடகரையிலும் அப்படியே கண்டார்கள். அங்கே மூன்று நான்கு வயதில் கொடுவா ஆணாகப் பக்குவம் அடைகிறது. ஒன்றிரண்டு பருவங்கள் ஆணாக இருந்து விந்து விடுகிறது. ஏறக்குறைய ஆறிலிருந்து எட்டு வயதுக்குள், விந்தகம் சுருங்கி, அதே இடத்தில் சினை அணுக்கள் வளர்ந்து, பெண்ணாகிவிடுகிறது. பெண்ணானது மறுபடி ஆணாவதில்லை. ஒன்றிரண்டு மீன்கள் ஆணாகவே நின்றுவிடுவதும், ஆணாகாமல் நேரே பெண்ணாவதும் உண்டு. ஆனால் பொது வழி நான் சொன்னதுதான். நம் நாட்டுப் பொரிப்பகங்களில், இனப்பெருக்கத்துக்கு எடுக்கும் ஆண் மீன் பெரும்பாலும் இரண்டு மூன்று கிலோ. பெண் மீன் நான்கு கிலோவுக்கு மேல்.

ஏன் இப்படி? ஆண் முதலில், பெண் பிறகு என்று எதற்காக? 1969-இல் மைக்கேல் கிசெலின் என்ற அமெரிக்க உயிரியலாளர் ஒரு விளக்கம் சொன்னார். அது நம் விவசாயிக்குச் சட்டென்று புரியும். விந்து மிக நுண்ணியது. சின்ன உடம்பே லட்சக்கணக்கில் உண்டாக்கிவிடும். முட்டைக்கோ சத்தும் வேண்டும், இடமும் வேண்டும். வயிறு எவ்வளவு பெரிதோ அவ்வளவு முட்டை. ஐந்தாறு கிலோ எடையுள்ள தாய்க் கொடுவா இருபது லட்சத்துக்கும் மேல் முட்டை வைத்திருக்கும். ஆகவே சின்னவனாக இருக்கும்போது ஆணாக இருந்து, பெரியதானபின் பெண்ணானால், ஒரே மீனின் ஆயுளில் வாரிசு அதிகம். சின்ன வண்டிக்குச் சின்னப் பாரம், பெரிய வண்டிக்குப் பெரிய பாரம்.

இதற்கு நேர்மாறாக நடக்கும் மீனும் நம் கடலில் உண்டு. களவா மீன்களில் பல இனங்கள் முதலில் பெண், பிறகு ஆண். பாறை இடுக்குகளில் வாழும் இந்த மீன்களில் பல இனங்களில், பெரிய ஆண் ஒன்று இடத்தைப் பிடித்துக் காத்துப் பல பெண் மீன்களோடு சேரும். சின்ன ஆணுக்கு அங்கே வேலை இல்லை. ஆகவே சின்னதாக இருக்கும்வரை பெண். பலம் வந்தபின் ஆண்.

மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் தாமரையில் குடியிருக்கும் கோமாளி மீன் இன்னும் வேடிக்கை. அந்தக் கூட்டத்தில் மிகப் பெரியது பெண், அடுத்தது ஆண், மற்றவை காத்திருக்கும் சின்னவை. பெண் செத்துப் போனால் அந்த ஆண் பெண்ணாகிவிடும். காத்திருந்தவற்றில் ஒன்று ஆணாகும். வீட்டுக்குப் பெரியவர் போனால் அடுத்தவர் பொறுப்பேற்பது மாதிரி.

முகத்துவாரத்தில் நடப்பது

இப்போது யோசித்துப் பாருங்கள். ஆணும் பெண்ணும் சரிபாதியாகப் பிறக்கும் மீனில், வலையில் பெரிய மீனாக விழுந்தாலும் ஆண் கொஞ்சம், பெண் கொஞ்சம் போகும். கொடுவாவில் அப்படியல்ல. பத்து கிலோ கொடுவா ஒன்று வலையில் விழுந்தால், அநேகமாகத் தாய்தான் விழுந்தது. பெரிய மீன்களையே தேடித் தேடிப் பிடித்தால் மிஞ்சுவது ஆண்கள் மட்டுமே. வயலிலே கதிர் தெரியும், விதை இராது என்ற நிலை.

களவாவில் இதே காரியம் தலைகீழாக நடந்துவிட்டது. மெக்சிகோ வளைகுடாவில் ஒரு களவா இனத்தில், 1970-களில் நூற்றுக்குப் பதினேழு போல இருந்த ஆண் மீன்கள், 1990-களில் நூற்றுக்கு ஒன்று இரண்டு என்று ஆகிவிட்டன. பெரிய மீனையே பிடித்துத் தகப்பன்களைத் தீர்த்துவிட்டார்கள். நாம் தாய்களைத் தீர்க்காமல் இருக்க வேண்டும்.

ஆற்று வாய்க்கு ஏன் இந்த மீன் வருகிறது என்பதையும் சொல்கிறேன். கொடுவா ஆற்றிலும் கழியிலும் வளரும். நல்ல தண்ணீரில்கூட வளரும். ஆனால் முட்டையிட அதற்கு உப்பு நீர் வேண்டும். ஏறக்குறையக் கடல் நீர் அளவு உப்பு இருந்தால்தான் முட்டை மிதந்து பொரிக்கும். ஆகவே பருவமழையை ஒட்டி, அமாவாசை பௌர்ணமி ஓதங்களில், பெரிய மீன்கள் ஆற்று வாய்க்கு வந்து கூடுகின்றன. முட்டை பொரித்த குஞ்சுகள் ஏற்றத்தோடு கழிக்குள் நுழைந்து வளர்கின்றன. முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் குஞ்சு உள்ளே வராது. முகத்துவாரத்தைக் குறுக்கே முழுக்க அடைத்து வலை கட்டினால் தாயும் வெளியே போகாது. நமக்குக் கிடைத்திருப்பது நீளமில்லாத கடற்கரை. அதற்குள் அரசலாறு, திருமலைராஜனாறு, நண்டலாறு என்று எத்தனை ஆறுகள் கடலில் விழுகின்றன! ஒவ்வொரு ஆற்று வாயும் ஒரு நாற்றங்கால் என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை இருக்கிறதே, போதாதா என்று கேட்பீர்கள். அது நல்ல ஏற்பாடு. ஆனால் அது முக்கியமாகக் கடலில் இழுவலை போடும் விசைப்படகுகளைக் கருதி வைத்தது. மழைக்காலத்து ஓதத்தில் ஆற்று வாயில் கூடும் கொடுவாவுக்கு அந்தத் தேதி பொருந்தாது.

ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து மாநிலத்தில் ஒரு விதி இருக்கிறது. 58 சென்டிமீட்டருக்குக் குறைந்த கொடுவாவைப் பிடிக்கக் கூடாது; 120 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் வைத்துக்கொள்ளக் கூடாது. சின்னதை விடச் சொல்வது எல்லா ஊரிலும் உண்டு. பெரியதையும் விடச் சொல்கிறார்களே, ஏன்? பெரியது தாய் என்று தெரிந்ததால்தான்.

பத்து கிலோ மீனைத் திருப்பி விடு என்று ஒரு மீனவரிடம் சொல்வது எளிதல்ல என்பது எனக்குத் தெரியும். மாதச் சம்பளம் வாங்கியவன் நான். ஒரு மீனில் ஒரு வாரக் குடும்பச் செலவு இருக்கிறது. அதை ஒருவர் மட்டும் விட்டால், அடுத்த வலைக்காரர் பிடித்துக்கொண்டு போவார். ஆகவே இது தனி ஆள் காரியமல்ல, ஊர் காரியம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற நம் மீனவ ஊர்களில் பஞ்சாயத்தார் வார்த்தைக்கு மதிப்பு உண்டு. எந்த வலை எப்போது என்று ஊர் கூடிக் கட்டுப்பாடு போடுவது மீனவ ஊர்களுக்குப் புதிதல்ல. மழைக்காலத்து அமாவாசை, பௌர்ணமி ஓதங்களில் சில நாட்களாவது முகத்துவாரத்தில் பெரிய கண் வலை வேண்டாம் என்று ஊர் முடிவெடுக்கலாம். ஆற்றின் அகலத்தில் பாதியையாவது திறந்து விடலாம். உயிரோடு கிடைத்த பெரிய கொடுவாவைப் பொரிப்பகத்துக்குக் கொடுக்க முடியுமா என்று மீன்வளத் துறையில் விசாரிக்கலாம். கறியாகப் போனால் ஒரு நாள் மீன். தாயாக நின்றால் பல பருவத்து மீன்.

குளம் வைத்திருப்பவருக்கு

கடைசியாக, உப்புப் பள்ளக்கால் வைத்திருக்கும் விவசாயிகளுக்கு.

முதலாவது, கொடுவாவைக் குளத்தில் வளர்க்கலாம். குளத்தில் பொரிக்க வைக்க நினைக்காதீர்கள். அதற்குக் கடல் நீர் வேண்டும், இரண்டு வயது மீன்கள் வேண்டும், ஊசி போடத் தெரிந்தவர் வேண்டும். சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1997-இல்தான் நம் நாட்டில் முதன்முதலாக இதைப் பொரிப்பகத்தில் சாதித்தது. அங்கே என்ன செய்கிறார்கள் என்றால், மெல்லிய குழாயைச் செலுத்தி முட்டையின் பக்குவத்தைப் பார்க்கிறார்கள். பிறகு பெரிய பெண் ஒன்றுக்குச் சின்ன ஆண் இரண்டு என்ற கணக்கில் சேர்த்து, ஹார்மோன் ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டு ஒன்றரை நாள் போல ஆனதும் முட்டை. முட்டையிட்டு ஒரு நாளுக்குள் குஞ்சு. சீர்காழிக்குக் கிழக்கே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையத்தின் கொடுவாப் பொரிப்பகம் அமைந்தது. குஞ்சுக்கு இப்படிப்பட்ட இடங்களைத்தான் நாட வேண்டும்.

இரண்டாவது, குஞ்சு வாங்கும்போது ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். யாராலும் சொல்ல முடியாது. சொன்னால் அது பொய். ஒரு கிலோ அளவில் விற்கும் வரை அது தேவையும் இல்லை. அந்த வயதில் மீன் முட்டைக்கென்று சத்தைச் செலவழிக்காமல் உடம்பை வளர்க்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதானே?

மூன்றாவது, ஒரே அளவுக் குஞ்சாகக் கேட்டு வாங்குங்கள். கொடுவா தன் இனத்தையே தின்னும். பெரியது சின்னதை விழுங்கிவிடும். நாற்றங்கால் பருவத்தில் சில நாளுக்கு ஒரு முறை அளவு பிரித்து, பெரியதைத் தனியே விட வேண்டும். இதைச் செய்யாதவர் விட்ட கணக்குக்கும் எடுத்த கணக்குக்கும் சம்பந்தமே இராது.

நான்காவது, நெல் விளைகிற நிலத்தைத் தயவுசெய்து உப்புக் குளமாக்காதீர்கள். விவசாய நிலத்தை இறால், மீன் பண்ணையாக மாற்றுவதற்குச் சட்டம் இடம் கொடுப்பதில்லை. பக்கத்து வயல்காரர் சாபமும் வேண்டாம். உப்பேறிய கரம்புக்கு மட்டுமே நான் சொன்னது. அதற்கும் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்பு ஆணையத்தில் பதிவு செய்ய வேண்டும். மீன்வளத் துறை அலுவலகத்தில் முதலில் கேட்டுவிட்டு மண்வெட்டியைத் தொடுங்கள்.

அண்ணன் கதையை முடிக்கவில்லையே! அந்த நாற்பது மீனையும் அவர் விற்றுவிட்டார். நல்ல விலைதான் கிடைத்தது. மூன்று வருஷத் தீனிச் செலவைக் கழித்தால் கையில் நின்றது குறைவு. பொரிப்பகத்தாரிடம் சண்டைக்குப் போகவில்லை. மறுபடி குஞ்சு வாங்கத்தான் போனார். விற்ற அன்று சாயங்காலம் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டார். "ஏன் தம்பி, இன்னும் மூணு வருஷம் விட்டிருந்தா அதுலே பாதி தாயாயிருக்குமா?" ஆகியிருக்கும் என்றேன். ஆனால் அவர் குளத்துத் தண்ணீரில் அது முட்டையிட்டிருக்காது என்றும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அப்படின்னா ஆத்து வாயிலே இருக்கிற பெரிய மீனுதான் நம்ம எல்லாருக்கும் விதை" என்றார்.

விதை நெல்லைக் குத்திச் சாப்பிட்ட குடும்பம் மறு வருஷம் என்ன செய்யும் என்பது உழவனுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கடலிலும் விதை உண்டு. அது எது என்று இன்றைக்கு உங்களுக்குச் சொல்லிவிட்டேன். அடுத்த மழைக்கு முன்னே உங்கள் ஊரில் இதைப் பேசுங்கள்.